படகின் இடது பக்கம்

திருவண்ணாமலையில் எனக்குச் சொந்தமாக ஒரு பாய்மரப் படகு இருந்தது என்று சொன்னால் சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கடலைப் பார்க்க மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டிய ஊர்தான் இது. ஆனால் ஐப்பசி மழை நன்றாகப் பிடித்தால் கீழ்பென்னாத்தூர் பக்கம் இருக்கிற எங்கள் ஊர் ஏரியும் மாசி வரைக்கும் ஒரு சின்னக் கடல்தான். மீதி மாதங்களில் என் படகு தம்பி வீட்டுக் களத்தில் கவிழ்ந்து கிடக்கும். அதற்குள்ளே கோழிகள் முட்டையிடும். மேலே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகளைச் சாய்த்து வைத்திருப்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அப்போதெல்லாம் எனக்கு எதைப் பார்த்தாலும் கோபம் வரும்.

எண்பத்தொன்பதில் மாவட்டம் பிரிந்த புதிது. சர்வேயர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. நான் நில அளவைப் பிரிவில் இருந்தேன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு மனையைச் சங்கிலி போட்டு அளந்துகொண்டிருந்தபோது, எதிர் மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். அரை மணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, தன் அப்பா படகு கட்டுகிறவர் என்றார். அப்புறம், இந்த ஊரில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். மலையைச் சுற்ற வந்தவர்கள் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவரை என் ஸ்கூட்டரில் உட்கார வைத்து எங்கள் ஊர் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன்.

கரையில் நின்றால் மேற்கே தண்ணீர், தண்ணீருக்கு அந்தப் பக்கம் மலை. அவர் விரலை நனைத்துத் தூக்கிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார். அடுத்த வாரமே டவுனில் ஒரு தச்சரைப் பிடித்து, ஒட்டுப்பலகையில் பத்தடி நீளத்துக்குப் படகு கட்ட ஆரம்பித்துவிட்டார். இரண்டு மழைக்காலம் நாங்கள் இருவரும் அதை ஓட்டினோம். பிறகு அவர் ஊருக்குக் கிளம்பினார். படகை நீயே வைத்துக்கொள் என்றார். பத்திரம் இல்லாமல் நான் எந்தச் சொத்தையும் வாங்க மாட்டேன் என்று சொல்லி, ஒரு வெள்ளைத்தாளில் நானே எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். நான்கெல்லை என்று வழக்கமாகப் போடுகிற இடத்தில் வடக்கே தண்ணீர், தெற்கே தண்ணீர், கிழக்கே தண்ணீர், மேற்கே மலை என்று எழுதியிருந்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் அவர் வரவில்லை.

ஏரி நிரம்பி, தெற்கே கல் கட்டி விட்டிருக்கிற கலங்கல் வழியாகத் தண்ணீர் வெளியே வழிந்தால் அதைக் கோடி போகுது என்போம். கோடி போன முதல் வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் ஏரிக்குச் சீர் வைப்பார்கள். ஏரி எங்களுக்குப் பெண் முறை. பிறந்த வீட்டுச் சீராக மஞ்சள், குங்குமம், வளையல், ஒரு சிவப்புப் புடவை. முன்பெல்லாம் நீந்தத் தெரிந்த யாராவது தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போய் நடு ஏரியில் விட்டுவிட்டு வருவார்கள். படகு வந்த பிறகு அது மாறிவிட்டது. சீரைச் சுமங்கலிதான் கொடுக்க வேண்டும், படகு வைத்திருக்கிறவன் பெண்டாட்டிதான் கொடுக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. எந்தப் பெரியவர் எப்போது தீர்மானித்தார் என்று யாருக்கும் தெரியாது. நாலு தடவை நடந்ததும், ஏதோ ராஜா காலத்திலிருந்து அப்படித்தான் நடக்கிறது என்று பேச ஆரம்பித்தார்கள்.

என் மனைவிக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் என்றாலே அவளுக்குப் பயம். இருந்தும் ஒவ்வொரு தடவையும் தட்டோடு ஏறி, படகின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கரைக்குத் திரும்புகிற வரை வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி உட்கார்ந்திருப்பாள். நான் அதைக் கிண்டல் செய்வேன்.

ரிட்டையர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆரம்பித்தது. காய்கறித் தள்ளுவண்டி ஒன்றின் மேல் ஸ்கூட்டரைக் கொண்டுபோய் மோதினேன். தக்காளி ரோடெல்லாம் ஓடியது. கண்ணு தெரியலையாய்யா என்று வண்டிக்காரனைப் பார்த்து நான்தான் கத்தினேன். அவன் என் இடது பக்கம் நெடுநேரமாக நின்றுகொண்டிருந்தான் என்பது பிறகுதான் உறைத்தது. அடுத்து, சாப்பாட்டு மேஜையில் இடது கை ஓரமாக இருந்த தம்ளர்களைத் தட்டிவிட ஆரம்பித்தேன். ஓரமாக ஏன் வைக்கிறாய் என்று மனைவியிடம் சண்டை போட்டேன். அவள் தரையைத் துடைத்தாள்.

யாருக்கும் சொல்லாமல் வெளியூர்க் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு பெட்டிக்குள் தலையை நுழைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முப்பது வருடம் கல்லையும் கொடியையும் தூரத்திலிருந்தே கண்டுபிடித்தவன் நான். ரொம்ப நேரமாக ஒரு புள்ளியும் வரவில்லையே, மிஷின் பழுதோ என்று சோதனை செய்த பெண்ணைக் கேட்டேன். "வந்துட்டுதான் சார் இருக்கு" என்றாள்.

கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறது என்றார் டாக்டர். நேராகப் பார்ப்பது தெரியும், பக்கம்தான் போகும், இடது பக்கம் நிறையவே போய்விட்டது.

"போனது திரும்ப வராது. இருக்கறதக் காப்பாத்திக்கலாம். சொட்டு மருந்த ஒரு நாளும் விடாதீங்க. வண்டி ஓட்டாதீங்க."

படகைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சொட்டு மருந்து கண் எரிச்சலுக்கு என்று வீட்டில் சொன்னேன். வயசான காலத்தில் நடந்தால் உடம்புக்கு நல்லது என்று சொல்லி ஸ்கூட்டரை விற்றுவிட்டேன். டவுனை ஒட்டி வேங்கிக்காலில் நாங்கள் கட்டிய புது வீட்டிலிருந்து எங்கே போவதென்றாலும் நடை, இல்லை பஸ். படகு விஷயத்தில் எனக்கு அதிர்ஷ்டம் கைகொடுத்தது. அடுத்தடுத்து வருடங்கள் மழை பொய்த்தது. ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தம்பி பயிர் வைக்காமல் ஆட்டைக் கட்டி மேய்த்தான். ஊரே வானத்தைப் பார்த்துப் புலம்பியது. நானும் கூடச் சேர்ந்து வெளியே புலம்பினேன், உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தேன். ஏரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் நினைக்கக் கூடாத நினைப்பு அது. நினைத்தேன்.

அப்புறம் ஒரு ஐப்பசியில் பேய்மழை பிடித்துக்கொண்டது. பத்து நாள் விடவில்லை. ராத்திரியெல்லாம் மொட்டை மாடியில் மழை கொட்டும்போது, ஏரியில் எத்தனை அடி ஏறியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு படுத்திருப்பேன். பதினோராம் நாள் காலையில் தம்பி நனைந்துபோய் வாசலில் வந்து நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணா, கோடி போவுதுண்ணா! அஞ்சு வருசத்துக்கு அப்புறம்! வெள்ளிக்கெழம சீரு. படகத் தட்டிக்கொட்டி வச்சிட்டேன். பம்பைக்காரங்களுக்கும் சொல்லியாச்சு."

"எனக்கு வயசாயிடுச்சுடா. இந்தத் தடவ நீந்தியே போய் வையுங்களேன்."

"இன்னாண்ணா இப்பிடிப் பேசுற? உன்ன உட்டா யாருக்குப் பாயி கட்டத் தெரியும்? ஊரே கேக்குது, சர்வேயரு எப்ப வராருன்னு."

சர்வேயரு எப்ப வராரு. அந்த ஒரு சொல்லில் நான் விழுந்தேன். கண்ணைச் சொல்லியிருக்கலாம். உள்ளே மனைவி அடுப்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு ஒரு தைரியம் இருந்தது. அந்த ஏரி எனக்கு மனப்பாடம். வனத்துறைக்காரர்கள் ஏரிக்குள்ளே வரிசையாகக் கருவேல மரம் நட்டிருந்தார்கள். தண்ணீர் ஏறினால் அவற்றின் தலை மட்டும் முழுகியும் முழுகாமலும் நிற்கும். அந்த முள்ளில் மாட்டாமல் போவதற்கு ஒரே வழி, மலை உச்சியையும் எதிர்க்கரைப் புளியமரத்தையும் ஒரே கோட்டில் வைத்துக்கொண்டு நேராக மேற்கே போவது. நேராகப் பார்க்க எனக்குத் தெரியும். பக்கம் எதற்கு? பயத்தை வைத்துக்கொண்டு எத்தனை நியாயம் கட்டலாமோ அத்தனையும் கட்டினேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மழை விட்டிருந்தது. கரை முழுக்க ஜனம். பொங்கல் வைத்து, பூசை முடிந்து, பம்பை அடிக்க, தட்டு படகுக்கு வந்தது. மனைவி எப்போதும் வலது பக்கம்தான் உட்காருவாள், கலங்கல் இருக்கிற தெற்குத் திசையைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்காது. அன்றைக்குப் போய் இடது பக்கம் உட்கார்ந்தாள்.

"அங்க ஏன் உக்கார்ற? எப்பவும் போல இந்தப் பக்கம் வா."

"இருக்கட்டும்" என்றாள்.

பாயை ஏற்றினேன். வாடைக் காற்று முதுகுப் பக்கமாக வலதிலிருந்து தள்ளியது. படகு சந்தோஷமாகக் கிளம்பியது. ஐந்து வருடம் களத்தில் கிடந்தும் சுக்கான் கை சொன்னபடி கேட்டது.  கருவேல முள்ளில் மாட்டக் கூடாதென்று, படகின் நடுவே தண்ணீருக்குள் இறங்கி நிற்கிற பலகையை மேலே தூக்கி வைத்திருந்தேன். அந்தப் பலகைதான் படகைப் பக்கவாட்டில் நழுவாமல் பிடித்து வைப்பது. அதுவும் எனக்குத் தெரியும். கொஞ்ச தூரம்தானே என்று நினைத்தேன்.

நடு ஏரியில் பாயைத் தளர்த்திப் படகை நிறுத்தினேன். மனைவி புடவையைப் பிரித்துத் தண்ணீரில் விட்டாள். மஞ்சள், குங்குமம், வளையல் எல்லாம் விட்டாள். அதற்குள் மேற்கே இருட்டிக்கொண்டு வந்து மேகம் இறங்கியது. மலை உச்சி மறைந்தது. சற்று நேரத்தில் மலையே மறைந்தது. வெறும் சாம்பல் நிறம். நான் அந்தச் சாம்பலுக்குள் உச்சியைத் தேடிக்கொண்டு நின்றேன். அது கிடைக்காமல் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது.

கரையில் கூச்சல் எழுந்தது. கைகளை வீசினார்கள், துண்டை வீசினார்கள். சீர் சேர்ந்த சந்தோஷம் என்று நினைத்து நானும் கையைத் தூக்கி ஆட்டினேன். அவர்கள் இன்னும் பலமாகக் கத்தினார்கள். நான் இன்னும் பலமாக ஆட்டினேன்.

"ஏங்க" என்றாள் மனைவி. "தண்ணி இழுக்குது."

"பேசாம உக்காரு."

"கலங்கலு பக்கமாப் போறோம்."

"கலங்கல் எங்கயோ இருக்கு. எனக்குத் தெரியாதா?"

தலையை இடது பக்கம் முழுக்கத் திருப்பியிருந்தால் பார்த்திருப்பேன். வீம்பு, திருப்பவில்லை. அப்போது அவள் சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கத்தவில்லை. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

"உங்களுக்கு இடது கைப்பக்கம் தெரியாது. நான் சொல்றதக் கேளுங்க. கலங்கல் கல்லு தெரியுது. நாப்பது அடிதான் இருக்கும்."

பம்பைச் சத்தம் நின்றிருந்தது. அது நின்ற பிறகுதான் தண்ணீர் விழுகிற ஓசை என் காதுக்கு வந்தது. கலங்கலுக்கு அந்தப் பக்கம் ஆளுயரத்துக்குக் கருங்கல் இறக்கம். மழைக்காலத்தில் அதில் போன மாடுகூடத் திரும்பியதில்லை.  உங்களுக்குத் தெரியாது என்று சொன்னாளே, அதை யோசிக்கக்கூட நேரமில்லை.

"எந்தப் பக்கம் திருப்ப?"

"சோத்துக் கைப்பக்கம். இன்னும். இன்னும் திருப்புங்க."

சுக்கானை முழுக்கத் திருப்பி, தளர்ந்திருந்த பாய்க்கயிறை இழுத்தேன். காற்று பாயில் ஏறியது. படகு வடக்கே முகத்தைத் திருப்பியும் பக்கவாட்டில் தெற்கே நழுவிக்கொண்டே இருந்தது.

"முப்பது" என்றாள். "இருவத்தஞ்சு. இன்னும் போய்க்கினுதான் இருக்கோம்."

பலகை! அதைக் கீழே இறக்க மறந்திருந்தேன். சுக்கானை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பாய்ந்து போய், பலகையை இரண்டு கையாலும் அமுக்கினேன். அது இறங்கியது. இறங்கியதும் அடியில் நறநறவென்று ஒரு சத்தம். படகு குலுங்கி நின்றது. கருவேல மரத்துக் கிளைக்குள் பலகை செருகிக்கொண்டுவிட்டது. இத்தனை வருடம் எந்த மரத்துக்குப் பயந்து பயந்து ஓட்டினேனோ அந்த மரம்.

"இருவது" என்றாள். அப்புறம் எண்ணவில்லை.

அசையாமல் உட்கார்ந்திருந்தோம். கிளை எப்போது முறியும் என்று தெரியாது. பலகை முனகிக்கொண்டே இருந்தது. அவள் என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். தம்பி கலங்கல் ஓரக் கரையிலிருந்து இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தான். ஒரு முறை அவனைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. கயிறு பிடித்தவர்கள் இழுத்தார்கள். இரண்டாவது முறை கரையில் இன்னும் வடக்கே தள்ளிப் போய்க் குதித்து எங்களிடம் வந்து சேர்ந்தான். கயிற்றைப் படகில் கட்டி, கிளையை ஒடித்து, இருபது பேர் சேர்ந்து எங்களைக் கரைக்கு இழுத்தார்கள்.

கரையில் இறங்கியதும் எனக்கு மாலை போட்டார்கள்! ஏரிக்காரிதான் மரத்தைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள் என்று ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சர்வேயரா இருந்ததால கரெக்டா மரத்தப் பாத்து நிறுத்தினாரு. வேற எவனா இருந்தா ரெண்டு உசுரும் போயிருக்கும்" என்றார் இன்னொருவர். அடுத்த வருடம் சீருக்குப் பெரிய பாய் கட்ட வேண்டும் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. தம்பி நடுங்கிக்கொண்டே சிரித்தான்.

மாலை கழுத்தில் கனத்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஒருவருக்கும் தெரியாது. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். 

மாலையைக் கழற்றினேன்.

"மரத்த நான் பாக்கல. கலங்கலயும் பாக்கல. எனக்கு இடது பக்கம் கண்ணு தெரியாது. அஞ்சு வருசமாத் தெரியாது. டாக்டர் வண்டி ஓட்டக் கூடாதுன்னு சொன்னாரு. உங்ககிட்டல்லாம் மறச்சிட்டேன்."

 நான் கூசிப்போனேன். அறுபது தாண்டிய வயதில் ஊர் முன்னால் அழுகிற நிலைமை. தம்பி சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தான்.

"சொல்லியிருந்தா நாங்க இன்னா சொல்லப் போறோம்? அண்ணியக் கூட ஏத்திக்கினு..." என்றவன் ஈரத் துண்டை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டான். ஆறு மாதம் அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. அது நியாயம்தான்.

பஸ்ஸில் திரும்பும்போது அவளிடம் கேட்டேன்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"தக்காளி வண்டிக்காரன் வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனான். அப்புறம் தம்ளர் விழ ஆரம்பிச்சதும் எல்லாத்தயும் சோத்துக் கைப்பக்கம் மாத்தி வச்சிட்டேன். நீங்க கவனிச்சீங்களா?"

கவனிக்கவில்லை. தம்ளர் விழுவது நின்றுவிட்டதே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

"அப்ப படகுல ஏன் ஏறின? ஏற மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே. நானும் நின்னிருப்பேன்."

"நீங்களா? சொன்னாக் கேக்கற ஆளா நீங்க?" என்றாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் ஏறலன்னா வேற எவளயாவது ஏத்தியிருப்பீங்க. அவளுக்கு யாரு இடது பக்கம் பாத்துச் சொல்லியிருப்பா?"



தை மாதம் தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் ஊருக்குப் போய்ப் பாய்மரத்தைக் கழற்றினேன். பாயைச் சுருட்டிக் கட்டினேன். படகைத் தம்பி பெயருக்கு எழுதிக்கொடுத்தேன். பழைய வெள்ளைத்தாளுக்குப் பின்பக்கத்திலேயே எழுதினேன். நான்கெல்லை போடும்போது தெற்கே கலங்கல் என்று மட்டும் திருத்தினேன். தம்பி வாங்கிப் படித்தான், சிரிக்கவில்லை. இனிமேல் துடுப்புதான், கரையிலிருந்து கயிறு கட்டிக்கொண்டுதான் போவது என்றான். நல்லது என்றேன். பாயை மனைவி மொட்டை மாடியில் விரித்து வடாம் காயப்போட்டாள். அதைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய்.

அடுத்த வருடமும் ஏரி நிரம்பியது. தம்பி வந்து கூப்பிட்டான். கரையில் ஜனம், பம்பை, பொங்கல், எல்லாம் அப்படியே. தம்பி துடுப்போடு உட்கார்ந்திருந்தான். கயிற்றின் மறுமுனையை எட்டுப் பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் பளீரென்று அடித்தது. மலை கழுவிவிட்டது போலத் தெரிந்தது. இத்தனை பத்திரமாக அந்தப் படகு ஒரு நாளும் போனதில்லை. தட்டைக் கொண்டுவந்து வழக்கம்போல என் மனைவியிடம் நீட்டினார்கள்.

அவள் ஒரு அடி பின்னால் போனாள். தம்பி மனைவியைக் கூப்பிட்டுத் தட்டை அவள் கையில் கொடுத்து, குங்குமம் வைத்துவிட்டாள்.

"போயேன்" என்றேன். "கயிறு கட்டியிருக்கு. தம்பி ஓட்டறான். பயமே இல்ல."

"நான் மாட்டேம்பா" என்று சொல்லிக்கொண்டே சுற்றி வந்து என் இடது பக்கம் நின்றாள். "எனக்கு நீச்சல் தெரியாதுங்க."